புல்லுக்குள்ளே விரால்: கனமான தூண்டில் ரொட் முதன்முதலாக வாங்கப் போகிறவர்களுக்கு

தெல்தெனியப் பக்கம், விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையோரம். மழை பிடித்துத் தண்ணீர் ஏறி, கினிப்புல் பாதி உயரம் முழுகி நின்ற ஒரு காலை. புல்லுக்கு மேலே இழுத்து வந்த என் இறப்பர் தவளையை, கொக்கி வைத்த போலி இரை அது, ஒரு விரால் வந்து அடித்தது. கொக்கி ஏறட்டும் என்று ரொட்டைச் சட்டென்று சுண்டி இழுத்தேன், அதைத்தான் வெட்டு என்போம், ரொட் அரை வட்டமாக வளைந்தது, அந்த வளைவு நிமிர்வதற்குள் மீன் புல்லின் அடிக்குள் புகுந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டது. அப்புறம் கையில் வந்தது ஒரு கட்டுப் புல்தான். பக்கத்தில் நின்ற சித்தப்பா என் ரொட்டை வாங்கி நுனியை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மகன், நீ மீனைப் பாத்து கம்பு வாங்கியிருக்க. புல்லைப் பாத்து வாங்கியிருக்கணும்."

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு பேச்சின் விளக்கம்தான். ஒரு கிலோ விராலை எந்த ரொட்டும் தூக்கும், அது பெரிய விஷயமே இல்லை. ஆனால் ஒரு கிலோ விராலோடு இரண்டு மூன்று கிலோ நனைந்த புல்லும் சேர்ந்து வரும்போது, அதுவும் மீன் அடித்த முதல் இரண்டு மூன்று நொடிக்குள் அதன் தலையைத் திருப்பி மேலே கொண்டுவர வேண்டியிருக்கும்போதுதான் ரொட் எப்படிப்பட்டது என்று தெரியும்.

கடையில் 'பாஸ் ரொட்', 'ஃபிராக் ரொட்' என்று எழுதி விற்கிறார்களே, அது என்ன என்று பலர் கேட்கிறார்கள். ஃபிராக் என்பது அந்த இறப்பர் தவளைதான். பாஸ் என்பது வட அமெரிக்க நன்னீர் மீன். தாமரை இலைக்கும் பாசிக்கும் அடியில் ஒளிந்திருந்து இரையைப் பாய்ந்து பிடிக்கும் பழக்கம் அதற்கு, அதனால் அங்கே அடர்ந்த பாசிக்குள்ளிருந்து மீனை இழுத்தெடுக்கவென்றே தனி ரொட் செய்தார்கள். நம் விராலும், சிங்களத்தில் லூலா என்று சொல்வது, அதே மாதிரி ஒளிந்திருந்து பாய்கிற மீன். மூச்சு விட நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகிற மீன் என்பதால் பாசி மூடிய, மற்ற மீன் நிற்காத கலங்கலிலும் நிற்கும். ஆகவே பாஸுக்குச் செய்த ரொட் விராலுக்கு அப்படியே பொருந்தும், பெயரைப் பார்த்து ஒதுக்க வேண்டாம்.

ஆனால் நுவரெலியா போல 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிற குளிர் நீரில் இந்த ரொட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். அங்கே டிரவுட்டுக்கும் கெண்டைக்கும் தேவைப்படுவது வேறு, மெல்லிய ரொட். நான் பேசுவது கண்டிக்குக் கிழக்கே இறங்கிப் போகிற விக்டோரியா, ரந்தெனிகலைப் பக்கத்துக் கரைகள், அந்தப் பக்கத்துச் சின்னக் குளங்கள், வயலோர வாய்க்கால்கள் பற்றி.

முதலில் போய் இடத்தைப் பாருங்கள், கடைக்கு அப்புறம் போகலாம்

நம்முடைய மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் மின்சாரத்துக்காகக் கட்டியவை, அதனால் நீர்மட்டம் ஏறும், இறங்கும். தண்ணீர் இறங்கிய மாதங்களில் கரைச் சரிவில் புல் முளைக்கும், செடி முளைக்கும், ஆள் உயரத்துக்குக்கூட வளரும். மழை வந்து மட்டம் ஏறும்போது அதெல்லாம் நின்ற நிலையிலேயே முழுகிவிடும். சின்ன மீனும் தவளையும் பூச்சியும் அங்கே சேரும், விரால் பின்னாலேயே வரும். இதற்கு மேலே, அணை கட்டும்போது முழுகிய மரக்கட்டைகளும் பழைய கட்டடச் சுவர்களும் வேறு. மவுசாகலையில் வறட்சிக் காலத்தில் பழைய மஸ்கெலியா நகரத்துக் கோவிலும் பள்ளிவாசலும் வெளியே தெரியும், பார்த்திருப்பீர்கள். விக்டோரியாவுக்கு அடியிலும் பழைய தெல்தெனிய நகரம் கிடக்கிறது. தண்ணீர் இறங்கியிருக்கும் நாளில் ஒரு முறை கரையோரம் நடந்து, எங்கே கட்டை நிற்கிறது, எங்கே வெறும் புல் என்று பார்த்துப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் ஏறிய பிறகு அந்தப் படம் பெரிய உதவி.

இப்போது உங்கள் இடம் எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். அல்லி இலையும் ஐதான புல்லும்தான் என்றால் ஒரு மாதிரி. ஆகாயத்தாமரையும் சல்வினியாவும் பாய் விரித்த மாதிரி மூடிக் கிடக்கிறது என்றால் வேறு மாதிரி. முழுகிய கட்டை இருக்கிற இடம் எல்லாவற்றிலும் மோசம், அங்கே புல்லைப் போலக் கிழித்துக்கொண்டு வர முடியாது, மீனைப் போகவிடாமல் நிறுத்தியாக வேண்டும்.

ரொட்டின் மேலே எழுதியிருப்பதை வாசிப்பது

கைப்பிடிக்கு மேலே, ரொட்டின் தண்டில் சின்ன எழுத்தில் நாலைந்து விஷயம் அச்சடித்திருப்பார்கள். பவர், எக்‌ஷன், நீளம், லூர் (போலி இரை) எடை, லைன் (தூண்டில் நூல்) பலம். இதில் பவரையும் எக்‌ஷனையும் ஒன்று என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பவர் என்பது ரொட்டை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது. எல் (லைட்), எம்எல், எம் (மீடியம்), எம்எச், எச் (ஹெவி), எக்ஸ்எச் (எக்ஸ்ட்ரா ஹெவி) என்று மெல்லியதிலிருந்து கனத்தை நோக்கிப் போகும். ஐதான புல்லுக்கு எம்எச் போதும். நம் கரையோரத்து முழுகிய புல்லுக்கும் பாசிக்கும் எச். எக்ஸ்எச் என்பது ஆகாயத்தாமரைப் பாயைத் துளைத்துக் கனமான ஈயத்தை இறக்குகிறவர்களுக்கு, முதல் ரொட்டாக அதை வாங்கினால் கை வலிதான் மிச்சம். முதல் ரொட் எது என்று கேட்டால் யோசிக்காமல் எச் என்றே சொல்வேன். ஒன்று மட்டும் கவனியுங்கள்: இந்த எழுத்துகளுக்கு எல்லாருக்கும் பொதுவான அளவு கிடையாது, ஒரு கம்பனியின் எச் இன்னொரு கம்பனியின் எம்எச்சாக இருக்கலாம். அதனால் எழுத்தோடு சேர்த்து லூர் எடையையும் பாருங்கள். எச் என்று சொல்கிற ரொட்டில் ஏறத்தாழ 14 முதல் 42 கிராம் வரை என்று இருந்தால் நம்பலாம், 5 முதல் 20 கிராம் என்று இருந்தால் எச் என்ற எழுத்தை மறந்துவிடுங்கள்.

எக்‌ஷன் என்பது ரொட் எந்த இடத்தில் வளைகிறது என்பது. ஃபாஸ்ட் என்றால் நுனிப் பக்கத்து மூன்றில் ஒரு பங்கு வளையும், அதற்குக் கீழே விறைப்பாக நிற்கும். மொடரேட் என்றால் பாதி வரை வளையும். என்னுடைய பழைய ரொட் நடுவிலிருந்தே வளைகிற ஜாதி, நான் வெட்டிய வெட்டு மீனின் வாய்க்குப் போய்ச் சேரவில்லை, வளைவிலேயே தீர்ந்துவிட்டது. விராலின் வாய் எலும்பு கெட்டி, இறப்பர் தவளையின் கொக்கியும் தடித்தது, அது ஏற வேண்டுமென்றால் கீழ்ப்பாதி விறைப்பு கட்டாயம்.

அப்படியென்றால் நுனியிலிருந்து அடி வரை உலக்கை மாதிரி இருக்கிற ரொட்தான் நல்லதா என்றால், அதுவும் இல்லை. பதினைந்து கிராம் தவளையை ஒரு கைக்குட்டை அகலத்து இடைவெளிக்குள் விழ வைக்க நுனி கொஞ்சம் இளகி வீசிக் கொடுக்க வேண்டும். தவளையைப் புல்லின் மேல் குலுக்கிக் குலுக்கி நடக்க வைப்பதும் நுனியின் வேலை. மீன் அடித்த நொடியில் நுனி கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் அது தவளையை உள்ளே இழுக்கும், முழு விறைப்பு ரொட்டில் தவளையை அதன் வாயிலிருந்து நாமே பிடுங்கிவிடுவோம். ஆக, பவர் எச், எக்‌ஷன் ஃபாஸ்ட். 'எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட்' புதியவர்களுக்கு வேண்டாம்.

நீளம் 7 அடியிலிருந்து 7 அடி 3 அங்குலம். சில ரொட்டில் மீட்டரில் 2.13, 2.20 என்று போட்டிருக்கும். நீளம் கூடினால் தூரம் போகும், லைனைப் புல்லுக்கு மேலே தூக்கிப் பிடிக்கலாம், ஒரே வீச்சில் நிறைய லைனை இழுத்துக்கொள்ளலாம், இதெல்லாம் உண்மை. ஆனால் ரொட் ஒரு நெம்புகோல், நீண்ட பக்கம் மீனிடம் இருக்கிறது, நீளம் கூடக் கூட மணிக்கட்டுக்கு வருகிற சுமையும் கூடும். இன்னொன்றும் இருக்கிறது: நம் கரை தட்டையான கரை இல்லை. பின்னால் மானாப்புல் சரிவு, இல்லையென்றால் கறுவேப்பிலையோ கொய்யாவோ சாய்ந்து நிற்கும். எட்டடி ரொட்டைப் பின்னால் கொண்டுபோக இடமே இருக்காது. உயரம் குறைந்தவர்களும் இளவயதுப் பிள்ளைகளும் 6 அடி 10 அங்குலம் எடுத்தாலும் தப்பில்லை.

லைன் பலம் என்ற இடத்தில் 15–30 இறாத்தல் என்று இருக்கும். நான் கீழே 50 இறாத்தல் பிரெய்ட், அதாவது பின்னல் நூல், போடச் சொல்லப் போகிறேன், அப்போது ரொட் உடையாதா என்று பயப்படாதீர்கள். அந்த எண் பெரும்பாலும் தங்கூசிக்கு, அதாவது ஒற்றை நைலோன் இழைக்கு, உரிய கணக்கு. ஆனாலும் அந்த எண்ணை முழுக்க மறந்துவிட வேண்டாம். 50 இறாத்தல் என்றால் 22 கிலோவுக்கு மேலே, அவ்வளவு எடையை எந்த ரொட்டாலும் தூக்க முடியாது. பிரெய்ட்டின் பலம் புல்லை அறுக்கவும் உரசலைத் தாங்கவும்தான்.

கார்பனா, கண்ணாடி நாரா

கண்ணாடி நார் ரொட் கனம், மெதுவாக நிமிரும், ஆனால் அடிபட்டாலும் தாங்கும். கார்பன் மெல்லிசு, விறைப்பு, மீன் தொட்டதும் கையில் தெரியும், ஆனால் பாறையில் ஒரு தட்டுப் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, பிறகு ஒரு நாள் அந்த இடத்திலேயே முறியும். 24 டன், 30 டன், 40 டன் என்று போட்டிருப்பார்கள், எண் கூடக் கூட விறைப்பும் கூடும், நொறுங்குகிற தன்மையும் கூடும். பாறையும் சரிவுமான நம் இடங்களுக்கு 24, அதிகம் போனால் 30. காசு இருக்கிறது என்பதற்காக 40 வாங்க வேண்டாம். கார்பனும் கண்ணாடி நாரும் கலந்து செய்ததும் முதல் ரொட்டுக்கு நல்லதுதான்.

இழுத்து நீட்டுகிற டெலஸ்கோப் ரொட்டைத் தயவுசெய்து இந்த வேலைக்கு வாங்காதீர்கள். பையில் போட வசதி என்று சொல்லி ஒரு கடையில் எனக்கு ஒன்று விற்றார்கள், 'ஹெவி' என்று தங்க எழுத்தில் இருந்தது. மூன்றாவது நாள், மீன்கூட இல்லை, புல்லில் மாட்டிய தவளையை இழுத்தபோது இரண்டாவது மூட்டில் உடைந்தது. மூட்டு கூடக் கூட பலவீனமான இடமும் கூடும்.

இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இது உயிர் விஷயம்: கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மலைநாட்டில் நீர்த்தேக்கம் இருக்கிற பக்கமெல்லாம் உயர் அழுத்த மின்கம்பி போகும், தோட்டத்துப் பாதையிலும் கம்பி தாழ்ந்து தொங்கும். ரொட்டைப் பொருத்தி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், தண்ணீர் ஓரம் போன பிறகு பொருத்துங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி மின்னல் வரும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இடி முழக்கம் தூரத்தில் கேட்டாலும் சரி, ரொட்டைக் கீழே வைத்துவிட்டு கட்டடத்துக்குள்ளே போய்விடுங்கள். மீன் நாளைக்கும் இருக்கும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

ஒரு துண்டுப் பஞ்சு, கொஞ்சம் தங்கூசி, முடிந்தால் தொங்குதராசு ஒன்று, இவற்றோடு போங்கள். லயத்தில் யாரிடமாவது இருக்கும், மரக்கறி நிறுக்கிற சின்னத் தராசு போதும்.

ரொட்டின் மூட்டைப் பொருத்தி, கண் மட்டத்தில் பிடித்து, அடியிலிருந்து நுனி வரை ஒரு கண்ணால் பாருங்கள். வளையங்கள் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை விட்டு இழுங்கள், எங்காவது இழை மாட்டினால் உள்ளே இருக்கிற பீங்கான் வளையத்தில் வெடிப்பு இருக்கிறது, அது உங்கள் பிரெய்ட்டை அறுக்கும். அந்த ரொட் வேண்டாம். கீழ்ப்பக்கத்து வளையங்கள் இரண்டு காலில் நிற்கின்றனவா பாருங்கள், ஒற்றைக் கால் வளையம் புல்லை இழுக்கும்போது சாய்ந்துவிடும்.

அப்புறம் தங்கூசியை எல்லா வளையத்துக்குள்ளும் விட்டு, முனையைத் தராசின் கொக்கியில் கட்டி, தராசைக் கூட வந்தவரிடம் கொடுத்து தரை மட்டத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ரொட்டை நாற்பத்தைந்து பாகை அளவுக்கு உயர்த்தி, மெதுவாக, வெட்டாமல் இழுங்கள். தராசு ஒரு கிலோ காட்டும்போதே ரொட் கைப்பிடிக்குப் பக்கத்தில் வளையத் தொடங்கினால் அது எச் இல்லை, மேலே என்ன எழுதியிருந்தாலும் சரி. நுனிப் பங்கு வளைந்து, நடுப்பகுதி கொஞ்சம் கொடுத்து, கீழ்ப்பகுதி அசையாமல் நின்றால் அதுதான் வேண்டியது. கடைக்காரரிடம் முதலில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சொல்லிச் செய்தால் அனேகமானவர்கள் மறுப்பதில்லை. நுனியைக் கூரையில் முட்டி வளைத்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம், நல்ல ரொட்டும் அதில் உடையும்.

கைப்பிடியின் பின்பகுதியையும் பாருங்கள், இதை யாரும் கவனிப்பதில்லை. ரீல் பொருத்துகிற இடத்திலிருந்து கடைசி முனை வரை உங்கள் முன்கையின் நீளம் இருக்க வேண்டும், முனை முழங்கைக்குக் கொஞ்சம் பின்னால் வந்து நின்றால் சரி. இழுக்கும்போது அதை முன்கையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளலாம், மணிக்கட்டு தப்பும். மிகவும் நீண்டால் மழைக்கோட்டில் மாட்டிக்கொண்டே இருக்கும்.

பஸ்ஸில் கொண்டு போக வேண்டுமே

ஒரே துண்டு ரொட்தான் சிறந்தது என்று எழுதுகிறவர்கள் காரில் போகிறவர்கள். ஏழடிக் கம்பைத் தூக்கிக்கொண்டு காலை பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் தெரியும். இரண்டு துண்டு ரொட் வாங்குங்கள். இன்றைக்கு வருகிற இரண்டு துண்டு ரொட்டில் மூட்டு நன்றாகவே இருக்கிறது, மூட்டு எங்கே வருகிறது என்பதை மட்டும் பாருங்கள். நடுவில் மூட்டு வருவதைவிட கைப்பிடிக்குப் பக்கத்தில் பிரிகிறது இன்னும் நல்லது, ஆனால் மேல் துண்டு நீளமாகிவிடும். பஸ் பயணம்தான் என்றால் நடுவில் பிரிவதையே எடுங்கள். ஹார்ட்வெயார் கடையில் மூன்றங்குல பிவிசி குழாயும் இரண்டு மூடியும் வாங்கி, உள்ளே பழைய சாரத்துண்டு சுற்றினால் போதும், யார் மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. மீன் பிடிக்கும்போது ஒவ்வொரு அரை மணிக்கும் மூட்டைக் கையால் இறுக்கிப் பாருங்கள், வீசி வீசித் தளரும்.

ரீலும் லைனும்

காசைப் பங்கிடும்போது முதலில் ரொட், அடுத்தது லைன், மூன்றாவதுதான் ரீல். பேட்காஸ்டர் ரீல், அதாவது வீசும்போது உருளையே சுழன்று லைனை விடுகிற ரீல்தான் இந்த ரொட்டுக்கு ஏற்றது, பல் விகிதம் 7:1 அல்லது அதற்கு மேல். அதாவது கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் லைன் உருளை ஏழு சுற்று. அடித்த மீனை நோக்கி லைனைச் சட்டென்று சுருட்ட அந்த வேகம் வேண்டும். பேட்காஸ்டர் பழக நாளெடுக்கும், லைன் சிக்குப் போட்டுக் கூடு கட்டும். பொறுமையில்லை என்றால் ரொட்டுக்குக் கீழே தொங்குகிற 4000 அளவு ஸ்பின்னிங் ரீலும் எச் பவர் ஸ்பின்னிங் ரொட்டும் வாங்குங்கள், மீனுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் இரண்டுக்கும் ரொட் வேறு வேறு, பேட்காஸ்டர் ரொட்டில் ரீல் மேலே உட்காரும், விசைக்கு ஒரு கொக்கி மாதிரி இருக்கும். மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

லைன் 50 இறாத்தல் பிரெய்ட். தங்கூசி இழுத்தால் நீளும், பிரெய்ட் நீளாது, புல்லையும் அறுத்துக்கொண்டு வரும். முன்னால் தனி லீடர் (முனையில் கட்டுகிற வேறு நூல் துண்டு) கட்ட வேண்டாம், முடிச்சில் பாசி கோத்துக்கொள்ளும். தவளையை நேராக பிரெய்ட்டில் பலோமார் முடிச்சால் கட்டுங்கள்.

முதல் வாரம்

நேரே புல்லுக்குப் போகாதீர்கள். தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் ஒரு பழைய டயரைப் போட்டு, கொக்கி முனையை வெட்டிய தவளையை அதற்குள் விழ வைத்துப் பழகுங்கள். பத்துக்கு ஐந்து உள்ளே விழுந்தால் கிளம்பலாம்.

விரால் அடித்ததும் உடனே வெட்டக் கூடாது. ரொட் நுனியைத் தாழ்த்தி, தளர்ந்த லைனைச் சுருட்டி, மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு ரொட்டை மேலே தூக்கி வெட்டுங்கள். அதற்கப்புறம் நிறுத்தவே கூடாது, மீன் புல்லின் மேலே வரும் வரை சுருட்டிக்கொண்டே இருங்கள். டிராக்கை, அதாவது ரீல் லைனை விட்டுக்கொடுக்கிற இறுக்கத்தை, தராசில் கட்டிப் பார்த்து நாலைந்து கிலோவில் வழுகும்படி வையுங்கள், முழுக்க இறுக்கிவிட்டால் ஒரு நாள் ரொட் விலை கொடுக்கும். மீன் காலடிக்கு வந்ததும் ரொட்டை நெட்டுக்குத்தாகத் தூக்கிப் பிடித்து மீனைத் தூக்குகிறார்கள் பாருங்கள், ரொட் உடைகிற முக்கால்வாசி நேரம் அதுதான். ரொட்டைப் பக்கவாட்டில் தாழ்த்தி, மீனைச் சறுக்கிக் கரைக்கு எடுங்கள்.

கட்டையில் மாட்டினால் ரொட்டால் இழுக்க வேண்டாம். ரொட்டை லைனுக்கு நேராக நீட்டி, லைனை ஒரு குச்சியில் நாலு சுற்றுச் சுற்றி, குச்சியைப் பிடித்துப் பின்னால் நடங்கள். வெறுங்கையில் பிரெய்ட்டைச் சுற்றினால் விரல் எலும்பு வரை அறுக்கும்.

போகிற இடத்தில் தூண்டில் போடலாமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சரணாலயம், தேசியப் பூங்கா, அணைக்கு அண்மை, இங்கெல்லாம் தடையோ கட்டுப்பாடோ இருக்கலாம். உள்ளூர் மீனவர் சங்கத்தில் கேட்டால் எந்தக் கரை, யாருடைய அனுமதி என்று சொல்லிவிடுவார்கள், அவர்கள் வலை கட்டியிருக்கிற இடத்தையும் காட்டிவிடுவார்கள். மகாவலியில் கங் ஆரா என்று சொல்கிற பெரிய விரால் இனம் ஒன்று இருக்கிறது, இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாதது, அது மாட்டினால் தண்ணீரில் வைத்தே கொக்கியைக் கழற்றி விட்டுவிடுங்கள்.

புல்லோரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து கொப்புளிப்பதைப் பார்த்தால் அங்கே தவளையை வீசாதீர்கள். கீழே தாய் தகப்பன் காவல் நிற்கும், தவளையைப் பசியில் அல்ல, குஞ்சுக்கு ஆபத்து என்று அடிக்கும். அதைப் பிடித்துக் கரையில் போட்டுவிட்டால் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன் கொஞ்ச நேரத்தில் தின்று தீர்த்துவிடும். அந்த இடத்தை விட்டு ஐம்பது அடி தள்ளிப் போய் வீசுங்கள்.